அறுபத்தோரு பிரசவங்கள்

மார்லிஸ் கொவாண்டா முதல்முறை வாக்குக் கேட்டுப் போன கோடையில் ஒரு நாளைக்குப் பதினோரு வீடுகளுக்கு மேல் முடியவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மணல்மேட்டுச் சீமையில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே ஆறேழு மைல். வழியில் இரண்டு மூன்று கம்பிக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் இறங்கித் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூட வேண்டும். மூடியிருந்த கதவை மூடியபடியும் திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுப் போகாதவருக்கு அங்கே ஒருவரும் ஓட்டுப் போட மாட்டார்கள். கட்சி, கொள்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு பண்ணையில் ஒருவர் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும்.

"லிங்கனுக்கு, சட்டசபைக்குப் போய் என்ன கிழிப்பே?" என்றார் அடியிலிருந்து.

"கெஸல் கிரீக் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மறுபடி திறக்க வைப்பேன்."

அடியில் ஸ்பேனர் திருகும் சத்தம் வந்தது.

"என் மக ரோட்டோரத்துல பெத்தா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப போ. ஓட்டு உனக்குத்தான். கதவைச் சாத்திட்டுப் போ."

அது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. வார்டு மூடியதிலிருந்து கெஸல் கிரீக்கில் பிள்ளை பெற வேண்டியவள் தொண்ணூற்று நான்கு மைல் போக வேண்டும். பனிக்காலத்தில் அது இரண்டு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். மார்லிஸின் மகள் தெஸ்ஸா இப்போது டென்வரில் இருக்கிறாள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் பண்ணைக்கே வந்துவிட ஆசை. ஆனால் தெஸ்ஸா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "தொண்ணூத்தி நாலு மைல் தூரத்துல ஆஸ்பத்திரிய வச்சுக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாதும்மா. வார்டு திறக்கட்டும், மறுநாளே மூட்டை கட்டறோம்." இப்போது அவளுக்கு நாலாம் மாதம். பிரசவத்துக்குச் செப்டம்பரில் தேதி.

எட்டு வருடமாக ஏன் முடியவில்லை என்று கேட்டால், அந்த அவை எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நெப்ராஸ்காவில் மேலவை கீழவை என்று இரண்டு கிடையாது. ஒரே அவை, நாற்பத்தொன்பது பேர், எல்லாருக்கும் செனட்டர் என்றே பெயர். வருடத்துக்கு ஐந்நூறு அறுநூறு மசோதா வந்து குவியும். அத்தனையையும் பேச நாள் போதாது. அதனால் ஆளுக்கு ஒன்று: ஒவ்வொரு செனட்டரும் வருடத்தில் ஒரே ஒரு மசோதாவை 'இது என் முன்னுரிமை' என்று எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தது வரிசையில் முன்னால் வரும். கொடுக்காதது பெரும்பாலும் பெட்டியிலேயே செத்துப்போகும். ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைதான் இருக்கலாம், தவணைக்கு நாலு வருடம். ஆக, எட்டு வருடம், எட்டு முன்னுரிமை.

மார்லிஸ் முதல் வருடம் அதை நிலத்தடி நீருக்குக் கொடுத்தாள், வறட்சி அப்படி. அடுத்த வருடம் வெள்ளம் ஒரு பாலத்தைக் கொண்டுபோனது. பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு, பிறகு பள்ளிப் பேருந்துக்கு. ஒவ்வொரு பிப்ரவரியும் பென்சிலோடு உட்கார்ந்து வார்டு மசோதாவுக்கு ஓட்டு எண்ணுவாள், போதாது, வீணாக்க வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று வைத்துவிடுவாள். வீட்டுக்காரி நல்ல பட்டுச்சேலையை நல்ல நாளுக்கென்று பெட்டியில் வைக்கிற மாதிரி. இந்தப் பிப்ரவரியில் அவளிடம் மிஞ்சியிருந்தது கடைசி ஒன்று. எண்ணாமலே எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மசோதா விவாதத்துக்கு வந்தது. மூடிக் கிடந்த பதினான்கு சிற்றூர் வார்டுகளைத் திறக்க அரசு கை கொடுக்க வேண்டும், இதுதான் சாரம். எதிர்ப்பவர்கள் பேசிப் பேசியே பொழுதைத் தள்ளினார்கள். அங்கே அது ஒரு முறை. பேச்சை நிறுத்தி வாக்கெடுக்க முப்பத்து மூன்று பேர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மசோதாவுக்கு அந்த வருடம் பால் ஊற்ற வேண்டியதுதான்.

பக்கத்து இருக்கை ஓட்டிஸ் லனியர் ஓமஹா நகரத்துக்காரர், கறுப்பர், முன்பு தபால்காரர். வீடு வீடாக நடந்த பழக்கத்தில் ஓட்டு எண்ணுவதில் கெட்டிக்காரர். அவள் தாளை எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு. நேத்தும் அதேதான். தாளை முறைச்சா ஓட்டு குட்டி போடுமா, செனட்டர்?"

"ரெண்டு பேர் போதும் ஓட்டிஸ். ரெண்டே பேர்."

"ரெண்டு பேர் இல்ல. ஒரே ஆளு. அந்தா வர்றாரு பாருங்க, பாக்கெட்டுல நாலு ஓட்டோட."

வந்தவர் வேட் ட்ரெப்டோ. அவரும் மாட்டுப் பண்ணைக்காரர், மார்லிஸ் தொகுதிக்குத் தெற்கே அவர் தொகுதி. அவர் எழுந்தால் கூடவே மூன்று பேர் எழுவார்கள். அவை நடக்கும்போதே பேரம் பேச அங்கே ஓர் இடம் உண்டு: பக்கவாட்டில், மாடத்துக்குக் கீழே, தூண் மறைவில். அங்கே கூப்பிட்டார்.

"மார்லிஸ், நான் உனக்கு எதிரி இல்ல."

"எதிரின்னா நேரா இருப்பான். என்ன வேணும் சொல்லுங்க வேட்."

"ஒரு திருத்தம். மூடுன வருஷத்துல நூறு பிரசவமாவது நடந்த வார்டு மட்டும்னு போடு. நானும் என் ஆளுங்களும் வர்றோம்."

பதினான்கு ஊர்களின் எண்ணும் மார்லிஸுக்கு மனப்பாடம். நூற்றைத் தாண்டியவை ஆறு. கெஸல் கிரீக்கில் அந்த வருடம் அறுபத்தொன்று.

"உங்க ஊர்ல நூத்திப் பன்னெண்டு," என்றாள். "நூறுங்கிற நம்பர் எந்தச் சாமி வந்து சொன்னது?"

"எம்பதுன்னு போட்டாலும் உன் ஊர் வராது. அந்த டாக்டரம்மா கமிட்டியில வந்து சொன்னாங்களே, நீயும் கேட்டியே. வாரத்துக்கு ரெண்டு பிரசவம் கூட இல்லாத இடத்துல நர்ஸுக்குக் கை மறந்துடும். ரத்தம் கொட்டுறப்ப எந்த அலமாரியில எது இருக்குன்னு யோசிக்கிறவ கையில உன் மகள விடுவியா?"

அதுதான் கஷ்டம். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். அந்த டாக்டரின் சாட்சியத்தை அவள் ஏழெட்டு முறை படித்திருக்கிறாள். பதிலும் ஒன்று வைத்திருந்தாள்: தொண்ணூற்று நான்கு மைலில் ரத்தம் கொட்டினால் அலமாரியே கிடையாது. அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு முப்பத்தொரு ஓட்டுத்தான் இருந்தது.

"மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள சொல்லு," என்று ட்ரெப்டோ போய்விட்டார்.

அவள் அவைக்கு வெளியே நடைக்கு வந்து கணவன் டெல்லைக் கூப்பிட்டாள். கன்று போடும் பருவம். போனை எடுத்தபோதே பின்னால் மாடு கத்தியது.

"சீக்கிரம் சொல்லு, ஒரு கை மாட்டுக்குள்ள இருக்கு."

சொன்னாள். டெல் கேட்டுக்கொண்டே ஏதோ இழுத்தான், மூச்சு வாங்கினான்.

"இந்த ஜில்லாவுல மாட்டுக்குப் பிரசவம்னா டாக்டர் கொட்டகைக்கே வர்றான்," என்றான். "மனுஷிக்குத்தான் நூறு வேணுமாமா?"

"டெல், என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியலையே புள்ள. நான் பேரப்புள்ளைக்குன்னு அந்த ரூமுக்கு வேற பெயின்ட் அடிச்சுட்டேன்."

"எப்போ?"

"போன ஞாயித்துக்கெழம. மஞ்ச. கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன், வாடை போகட்டும்னு." பிறகு, "அந்த ஆறு ஊர்ல எத்தனை பொம்பளைங்க மார்லிஸ்?" என்றான்.

"வருஷத்துக்கு எழுநூறு பேர் வரைக்கும்."

டெல் பதில் சொல்வதற்குள் மாடு மறுபடி கத்தியது. "இரு, வருது," என்று போனை வைத்தான்.

மசோதா அவள் பெயரில் இருக்கிறது. வேண்டாமென்றால் அவளே அதைத் தள்ளி வைத்துவிடலாம். பதினான்குக்கு ஆறு என்று வெட்டுப்பட்டதைவிட முழுசாகச் செத்தது மேல் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து வருகிறவர் எடுத்துச் செய்யட்டும் என்றும் சொல்லலாம். எட்டு வருடமாக அவள் 'அடுத்த வருடம்' என்று சொன்னதும் இப்படித்தான். சாப்பாட்டு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. ட்ரெப்டோவின் மேசைக்குப் போனாள்.

"எழுதுங்க. ஆனா அந்த ஆறும் ஆகஸ்டுக்குள்ள திறக்கணும்னு தேதியோட எழுதுங்க."

இருக்கைக்குத் திரும்பினாள். ஓட்டிஸ் அவள் தாளை இழுத்து, முப்பத்தொன்றை அடித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதித் திருப்பி வைத்தார்.

அங்கே ஒரு மசோதா மூன்று சுற்றுத் தாண்ட வேண்டும். முதல் சுற்று அன்றே முடிந்தது. இரண்டாவது பத்து நாள் கழித்து. மூன்றாவதுதான் இறுதி வாசிப்பு. மற்ற நாட்களில் செனட்டர்கள் எழுந்து நடப்பார்கள், காப்பி குடிப்பார்கள், தூண் மறைவில் குசுகுசுப்பார்கள். இறுதி வாசிப்பில் அது நடக்காது. கதவுகளைச் சாத்திவிடுவார்கள், எல்லாரும் அவரவர் இருக்கையில் இருக்க வேண்டும். சட்டமாகப் போவதை ஒருமுறையாவது முழுசாகக் காதால் கேட்டுவிட்டு ஓட்டுப் போடு என்பது ஏற்பாடு. எழுத்தர் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவரைப் போல ஒரே மூச்சில் படிப்பார். பாதி புரியாது. 'நூற்றுக்குக் குறையாத பிரசவங்கள்' என்பது மட்டும் மார்லிஸுக்குத் தெளிவாகவே கேட்டது.

சுவரில் இருந்த பலகையில் நாற்பத்தொன்பது பெயர்கள். பொத்தானை அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியும். பச்சை சரி, சிவப்பு வேண்டாம். அவள் பச்சையை அழுத்தினாள். நாற்பத்தொரு பச்சை, மூன்று சிவப்பு, ஐந்து பேர் எதையும் அழுத்தவில்லை. ஓட்டிஸ் மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

உடனே மேசைமேல் போன் துடித்தது. தெஸ்ஸா. அவை நடப்பதைப் பொதுத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டும், கணினியில் எங்கிருந்தும் பார்க்கலாம். டென்வரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

ஆனால் எழுந்து போக முடியாது. வரிசையில் இன்னும் ஒன்பது மசோதாக்கள், கதவு சாத்தியே இருந்தது. தானிய எடைமேடை பற்றி ஒன்று, முடிதிருத்துவோர் உரிமம் பற்றி ஒன்று. ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் விரல் பொத்தானுக்குப் போய் வந்தது. போன் இரண்டாவது முறை துடித்து அடங்கியது. மூன்றாவது முறை துடிக்கவில்லை.

"பச்சையா சிவப்பான்னு பாத்து அழுத்துங்க," என்று ஓட்டிஸ் முணுமுணுத்தார். "முடிவெட்டுறவங்க பொழப்பக் கெடுத்துடாதீங்க."

கதவு திறந்ததும் நடைக்கு ஓடிவந்து கூப்பிட்டாள்.

"கேட்டேம்மா," என்றாள் தெஸ்ஸா. "நூறுன்னு படிச்சாரு."

"ஆமா."

"நம்ம ஊர் எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

"அப்போ இனிமே எது கிட்ட?"

"அம்பத்தெட்டு மைல்ல ஒண்ணு திறக்கும். ஆகஸ்டுல."

தெஸ்ஸா மனதுக்குள் அந்தத் தூரத்தை ஓட்டிப் பார்க்கிறாள் என்று மார்லிஸுக்குத் தெரிந்தது.

"இங்க எட்டு நிமிஷம்மா," என்றாள் கடைசியில். "நாங்க இன்னும் பேசணும். இப்போதைக்கு இங்கயே இருக்கோம். கோவமா?"

"கோவம் என்னடி. உன் இடத்துல நானும் அதைத்தான் சொல்லுவேன்."

"அந்த நூறுங்கிறதுக்கு நீ ஒத்துக்காம இருந்திருந்தா?"

"ஆறும் திறந்திருக்காது."

"அப்போ சரிதான். சரிதாம்மா. நிஜமாத்தான் சொல்றேன்."

நடையில் சக செனட்டர்கள் தோளைத் தட்டிக்கொண்டு போனார்கள். மார்லிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வயித்துல அசையுதா?" என்றாள்.

"நேத்துலேருந்து. மீன் வாலாட்டுற மாதிரி."

"போனை அது மேல வை. ஒரு நிமிஷம்."

துணி உரசும் சத்தம் கேட்டது. மார்லிஸ் வயிற்றில் இருந்த பேரப்பிள்ளைக்கு வீட்டுக்கு வழி சொன்னாள்.

"டென்வர்லேருந்து வடகிழக்கா வரணும், கேட்டியா? ஓகலாலா வந்ததும் ஆத்தைத் தாண்டி வடக்கே திரும்பு. ரோடு ஏரி அணைக்கு மேலயே போகும், இடது பக்கம் பூராவும் தண்ணி. அதைத் தாண்டினா மணல்மேடு ஆரம்பிச்சுடும். வீடே தெரியாது, பயப்படாத, வந்துக்கிட்டே இரு..."