அண்ணத்தில் ஒரு பூ

பல்செட் செய்யும் இடத்தில் வேலை என்று சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். அவளுக்கு அதில் துளியும் வெட்கமில்லை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பதே என் கைவேலையால்தான் என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொள்வாள். மீதிப் பாதிக்கு இன்னும் பல் விழவில்லை, பொறு, என்பார் அவர்.

இரண்டாவது மாடியில் மூன்று அறைகள், மூன்றே பேர். முதலாளி அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. பேச்சில் கறார், கணக்காக அளந்த புன்னகை, அதுவும் டாக்டர்கள் வந்தால் மட்டும். இரண்டாமவள் இவள். எல்லாரும் இவளை 'மெழுகு' என்றே கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாயளவை வைத்து ரோஸ் நிற மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லைப் பதிப்பது இவள் வேலை. மூன்றாமவர் பின் அறையில் இருக்கும் பிளாஸ்டர் அண்ணன். மெழுகு செட்டைப் பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, கொதிக்கிற தண்ணீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் ஈறு நிறப் பிளாஸ்டிக் பிசினை நிரப்பி வேகவைப்பார். மெழுகில் என்ன இருந்ததோ அது இம்மி பிசகாமல் பிசினில் வந்து நிற்கும். கைரேகை பதிந்திருந்தால் அதுவும் வரும்.

அவளுடைய மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு மரத்தின் உச்சிக்கிளை. அதன் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. வருஷத்தில் பதினோரு மாதம் அது தேமே என்று நிற்கும். குளிர் முடிகிற சமயம் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு, மொட்டைக் கிளை முழுக்கப் பூத்துத் தள்ளும். சரியாகப் பத்து நாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி நிற்கும்.

இந்த வருஷம் பூத்த முதல் நாள், ஒரு இதழ் பறந்து வந்து அவள் மேசைமேல் விழுந்தது. விழுந்த இடம் மெழுகுத் தகடு. இதழ் எது, மெழுகு எது என்று தெரியவில்லை. அவள் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே ரோஸ். பத்தொன்பது வருஷமாக ஊரார் ஈறுக்கு வாரி இறைத்த மெழுகு இந்தப் பூவின் நிறம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அவ்வளவுதான், பிடித்தது பைத்தியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெட்டி மிஞ்சிய துணுக்கில் ஒரு பூ செய்தாள். ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. முதல் பூ சப்பையாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நான்தான் செய்தேனா என்று தனக்குத்தானே கேட்டாள். வளைந்த பல்லுக்குக் கட்டுகிற கம்பியில் மீந்ததைக் கிளையாக முறுக்கி, அதில் ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தாள். மரம் கொட்டி முடிப்பதற்குள் ஒரு முழுக் கிளை, முப்பது பூ. இதுதான் திட்டம். யார் கேட்டார்கள், எதற்கு என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

பார்க்கப் பார்க்க மரமும் புதுசு புதுசாகக் காட்டியது. காலையில் பூ பாதி மூடியிருக்கிறது. வெயில் ஏற ஏறத் திறக்கிறது. பதினோரு மணிக்கு ஒரு கட்டைவிரல் அளவுக் குருவி வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கிறது. அதற்கும் மெழுகுக் கத்திக்கும் ஒரே வளைவு மூக்கு. வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சு. வீட்டுக்காரர் மூன்றாம் நாள், அந்த மரத்துக்கு நம்ம வீட்டு விலாசத்தைக் கொடுத்துட்டியா என்று கேட்டார்.

நான்காம் நாள் மாட்டிக்கொண்டாள். ஒரு டாக்டருக்குப் போக வேண்டிய பார்சலின் ஒட்டு நாடாவில் மெழுகுப் பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நாத்தனார் பார்த்துவிட்டார். அதை இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது என்ன?”

“பூ அண்ணி.”

“அது தெரியுது. இங்க நாம என்ன செய்யறோம்?”

“பல்லு.”

“இன்னொரு பூ வேலைக்கு நடுவுல என் கண்ணுல பட்டுச்சுன்னா ஜன்னல் மேசை உனக்குக் கிடையாது. பின் ரூம்ல, பிளாஸ்டர் தேய்க்கற மெஷின் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்க.”

பின் அறைக்கு ஜன்னலே இல்லை. ஒரு டியூப்லைட், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், உதடுவரை வெள்ளைப் புழுதி. இன்னும் ஆறு நாள் பூ பாக்கியிருக்கும்போது அங்கே போய் உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பாள், ஜன்னலைப் பிடுங்காதீர்கள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. சரி அண்ணி, இனிமேல் இல்லை, என்றாள். பாதி நாள் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தாள்.

அப்போது கையில் இருந்த வேலை ரயில்காரருடையது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், மேல்வரிசை முழுசெட். மூன்று தடவை செய்து மூன்று தடவை திரும்பி வந்த செட். முதல் தடவை, ஹெட்லைட் மாதிரி வெளுப்பா இருக்கு என்றார். இரண்டாவது தடவை, நான் பேசினா அது தாளம் போடுது என்றார். மூன்றாவதற்கு அவர் சொன்ன குறையை டாக்டர் அப்படியே சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: வாய்க்குள் வேறு யாரோ குடியிருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நாலாவது செட்டை மெழுகில் முடித்து எதிரே வைத்திருந்தாள். வேலை முடிந்ததே, இனி வேலைக்கு நடுவில் இல்லையே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு பதினேழாவது பூவில் கை வைத்தாள். விரல்நுனியில் பூ இருக்கிறது, வாசலில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. வேலைக் கோட்டின் பையில் போட்டால் நசுங்கிவிடும். மேசையில் வைத்தால் தொலைந்தாள். சட்டென்று ரயில்காரர் செட்டின் மேலண்ணக் குழிவில் பூவை ஒட்டி, செட்டைத் தட்டில் குப்புறக் கவிழ்த்தாள்.

“ரயில்காரர் செட் ஆச்சா?”

“ஆச்சு அண்ணி.”

“குடு, நானே உள்ள குடுத்துடறேன். கீழ பார்சல்காரர் நிக்கறார், நீ போய் வாங்கிட்டு வா.”

படியிறங்கும்போதே, திரும்பி வந்ததும் பின் அறைக்கு ஓடிப் பூவை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். ஆனால் கீழே போய் நின்ற நொடியில் ஒரு காற்று அடித்தது. மரம் மொத்தமும் சிலிர்த்துக்கொண்டு கொட்டியது. தலையில், தோளில், பார்சலில், பார்சல்காரரின் தொப்பியில் எங்கே பார்த்தாலும் இதழ். அவர் கையெழுத்து வாங்க நீட்டிய பேனாவின் மேலேயே ஒன்று உட்கார்ந்தது. அவள் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வயசுக்கு இதெல்லாம் அடுக்குமா என்று யாராவது கேட்டிருந்தால், அடுக்கும் என்றே சொல்லியிருப்பாள். மேலே வந்தபோது பூவும் இல்லை, செட்டும் இல்லை, மனசில் ஒரு கவலையும் இல்லை. அடியோடு மறந்துவிட்டாள்.

ஞாபகம் வந்தது மறுநாள் மத்தியானம், அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கம்பிக் கிளையை எடுத்துப் பூக்களை எண்ணியபோது. பதினாறு. மறுபடி எண்ணினாள், பதினாறு. மேசைக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. எழுந்த வேகத்தில் மேசையில் தலை இடித்தது. பின் அறைக்கு ஓடினாள்.

“அண்ணே, ரயில்காரர் செட் எங்க?”

“காலையிலயே போயிடுச்சே.”

“அதுல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?”

“பூ இருந்துச்சு.”

“பூ இருந்தா என்னன்னு என்கிட்ட கேட்க வேண்டாமா?”

“போன மாசம் ஒருத்தர் தங்கப் பல்லு கேட்டார். நான் ஏன்னு கேட்டனா? அவங்கவங்க வாய், அவங்கவங்க இஷ்டம்.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “பாலிஷ் போடத்தான் அரைமணி நேரம் ஆச்சு. சின்ன பிரஷ் வெச்சு இதழ் இதழா போட்டேன்.”

 அந்தப் பயத்திலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“எப்படி வந்திருந்துச்சு?”

“கண்ணுல ஒத்திக்கலாம். நான் இத்தனை வருஷத்துல போட்ட பாலிஷ்லயே அதுதான் நல்ல பாலிஷ்.”

நிஜமாவா என்று கேட்டவள், அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். பயமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஊரிலேயே எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற ஒரு மனிதரின் அண்ணத்தில் பூ பூத்திருக்கிறது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்ற பிளாஸ்டர் அண்ணனும் கடைசியில் தாங்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள், போன் அடித்தால் அவள் கையில் இருப்பது கீழே விழுந்தது. நாத்தனாரிடம் சொல்லிவிடலாம் என்று ஆறு தடவை எழுந்து ஆறு தடவை உட்கார்ந்தாள். சொன்னால் ஜன்னல் இன்றைக்கே போகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் போகும். ஒரு நாள் என்றால் ஒரு நாள் லாபம். அவள் நியாயம் அது.

ஒன்பதாம் நாள் காலை ரயில்காரரே படியேறி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, இறுகிய தாடை. நாத்தனார் எழுந்து நின்று, அளந்த புன்னகையை எடுத்து மாட்டினார்.

“வாங்க சார். இந்தத் தடவை என்ன குறை?”

“குறைன்னு நான் சொல்லலையே. நாக்கு மேல போனா என்னமோ தட்டுப்படுது. ஏதோ சாப்பாட்டுத் துணுக்குன்னு நெனச்சேன். கழட்டிப் பார்த்தா பூ.”

நாத்தனார் மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்தார். இவள் மெழுகு இளக்கும் ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தாள்.

“நீங்கதான் செஞ்சீங்களாம்மா?” என்று ரயில்காரர் இவளிடம் வந்தார். “முப்பத்தாறு வருஷம் இன்ஜின்ல நின்னேன். சிக்னல் தவிர வேற எதையும் பார்க்கக் கூடாது. இப்ப ரிட்டயர் ஆகியும் சும்மா இருக்கத் தெரியல. பஸ்ஸுக்கு நின்னா எரிச்சல், வரிசையில நின்னா எரிச்சல். இந்த மூணு நாளா எங்க நின்னாலும் நாக்கு தானா மேல போகுது. ஒண்ணு, ரெண்டுன்னு இதழை எண்ணுது. அஞ்சு எண்ணி முடிக்கறதுக்குள்ள பஸ் வந்துடுது. தனியா என்ன சிரிப்புன்னு வீட்டுல கேக்கறாங்க. நான் சொல்லல. இது எனக்கு மட்டும்னு வெச்சிருக்கேன்.” கொஞ்சம் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். “இது என்ன பூன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அவள் ஜன்னலைக் காட்டினாள். அவர் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கன்னம் லேசாக அசைந்தது. எண்ணிச் சரிபார்க்கிறார் என்று புரிந்தது.

“இந்தத் தெருவுக்கு வந்தா இதுக்கடியிலதான் ஸ்கூட்டரை நிறுத்துவேன். சீட்டெல்லாம் குப்பை பண்ணுதுன்னு திட்டியிருக்கேன்” என்றார். போகும்போது செட்டில் எதையும் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் நாத்தனார் சொன்னார், “அவருக்குப் பிடிச்சது அவர் விஷயம். நான் சொன்னது சொன்னதுதான்.”

அவள் விளக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனாள். சிரித்துக்கொண்டே போகலாம் என்றுதான் நினைத்தாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்திருக்கக் கூடாதா? பிளாஸ்டர் அண்ணன் அவளுக்காக எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைத்துப் போட்டார். அதன் இறக்கை இடுக்கில் தெரிந்தது எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியிலிருந்து நாத்தனாரின் குரல்.

“மெழுகு, இங்க வா.”

போய்ப் பார்த்தாள். நாத்தனார் ஜன்னல் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நிஜப் பூ, பக்கத்தில் வரிசையாக நாலைந்து மெழுகு உருண்டைகள். முப்பது வருஷம் கடைவாய்ப்பல் செதுக்கிய கை. அவர் செய்த ஒவ்வொரு பூவும் அச்சு அசலாகக் கடைவாய்ப்பல்லாக வந்திருந்தது, மேட்டோடும் பள்ளத்தோடும்.

“என்ன பண்ணாலும் இப்படித்தான் வருது. சிரிக்காத” என்றார் நாத்தனார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அளக்காத சிரிப்பு, பல்லெல்லாம் தெரிந்தது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ வர்றதுக்கு முன்னால பதினோரு வருஷம் இந்த மேசையில நான்தான் இருந்தேன். இந்த மரம் அப்பவும் இருந்துச்சா?”

“இருந்திருக்கும் அண்ணி. பெரிய மரமாச்சே.”

நாத்தனார் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்து இவள் கையில் கொடுத்தார். “நாளைக்குப் பூ முடியட்டும். அப்புறம் பின் ரூமுக்குப் போ.”

பூ முடிந்தது. அதிலிருந்து நாலாம் நாள் கிளையெல்லாம் செப்பு நிறத்தில் துளிர் விட்டது. இது முடியட்டும் என்றார். துளிர் பச்சையானதும் ஏதோ ஒரு பறவை உச்சிக்கிளையில் கூடு கட்ட ஆரம்பித்தது. குஞ்சு பறந்து போகட்டும் என்றார். குஞ்சு பறந்தது, மழை வந்தது, மழையில் மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. தண்டனை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.