வேடிக்கை பார்க்கப் போனவர்

நஃபீசா கஞ்சியை ஸ்பூனில் எடுத்து, ஊதி, கணவரின் உதட்டருகே கொண்டுபோனாள். ஜமால் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் திறந்தார்.

"சாலமோன வரச் சொல்லேன்" என்றார்.

ஸ்பூன் அப்படியே நின்றது.

"முதல்ல இத முழுங்குங்க. அப்புறம் யாரக் கூப்பிடலாம்னு பாக்கலாம்."

அவர் கீழ்ப்படிந்து விழுங்கினார். பாதி கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாணியம்பாடியிலிருந்து அவருடைய தங்கைகள் வந்து பார்த்துப் போனார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து மகள் மெஹ்னாஸ் வந்து தங்கியிருந்தாள். யாரையும் அவர் வா என்று கேட்கவில்லை. இராப்பகலாகப் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாதவருக்கு, அந்த ஆளின் பெயரைச் சொல்ல மட்டும் எங்கிருந்து மூச்சு வந்தது?

பக்கத்து அறையில் மகன் ஃபைஸ் இருந்தான். அவனுடைய செல்போனில் சாலமோனின் எண் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். அரை மணியில் வந்துவிடுவான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களையும் சேர்த்துக் கழுவினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் மறுபடியும் வாசல் பக்கம் பார்த்தபோது, வெளிச்சம் கண்ணில் படுகிறதோ என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஜமால் நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வேலை விட்டதும் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த மன்றத்துக்குப் போவார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். அதில் ஒரே ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. அவர் ஆடப் போகவில்லை. வாழ்நாளில் அவர் மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து சாலமோன் ஆடுவதை வேடிக்கை பார்ப்பார்.

சாலமோன் மின்சார ஆபீசில் கிளார்க். நெட்டையான ஆள். போட்டிகளில் பெரும்பாலும் தோற்றுவிடுவான். ஆனால் கூட்டம் அவனுக்குத்தான். எதிராளி ஓங்கி அடிக்க அடிக்க, பின்னால் சுவர் வரைக்கும் போய், பந்தைக் கூரை உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போடுவானாம். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு எடுப்பானாம். ஒருமுறை மட்டை கைநழுவிப் போனதும் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அடித்தானாம். எல்லாம் ஜமால் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"முழங்கால மடக்கிகினு நிப்பான் பாரு நஃபீசா, அவ்ளோ நெட்டையன், மேசை ஒசரத்துக்கு வந்துருவான்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எழுந்து நின்று அவரே மடக்கிக் காட்டுவார். "தோத்துருவான்னு தெரியும். ஆனா அந்தப் பந்து கீழ வுழக்கூடாதுன்னு நமக்கு ஒரு ஆசை வரும். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல."

அவள் குழம்பை ஊற்றுவாள். வீட்டுக்கு வரும்போது அவர் எப்போதும் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருவார். "ஆடறது அந்த ஆளு, வேர்க்கிறது உங்களுக்கா?" என்பாள். அவர் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொள்வார்.

மெஹ்னாஸின் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன ஒருநாள், அந்த ஷெட்டின் பக்கமாக வர நேர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். மேசைப் பக்கம் அவள் கண் போகவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் கணவரையே பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை இன்னொருவன் தினமும் பார்க்கிறான். அன்றிலிருந்து அவள் வாயில் சாலமோன் என்ற பெயர் வரவில்லை.

விடிகாலையில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில், ஜமால் போய்விட்டார்.

அஸருக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. அவர் மன்றத்துக்குக் கிளம்பும் நேரம். அது அவள் ஒருத்திக்குத்தான் தோன்றியிருக்கும். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கூடத்தில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி பெரிய ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்து, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். வாசலில் திரை தொங்கியது. இனி, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் நாலு மாதத்துச் சொச்ச இத்தா முடியும்வரை நஃபீசா வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள்.

கூடத்தில் ஒரு ஆண்குரல் உடைந்து அழுதது. யார் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் அழுகை வந்திருக்கவில்லை. அதிலும் அவன் முந்திக்கொண்டான் என்று நினைத்தாள். நினைத்தவுடனே வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மெஹ்னாஸ் வந்து, சாலமோன் அங்கிள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறார், திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் திரைக்குக் கீழே அவன் கால்கள் தெரிந்தன. கூப்பிட்டு நிற்க வைத்த பிள்ளையின் கால்கள் மாதிரி சேர்ந்து நின்றன.

"அக்கா, பாய்க்கு இவ்ளோ முடியலன்னு தெரியாதுக்கா. காலைல மன்றத்துலதான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பேன்."

சும்மா இருந்துவிடலாம். அவர் கேட்டது அவள் ஒருத்தி காதில் விழுந்ததுதான். வெள்ளைத் துணிக்குள் இருப்பவர் எழுந்து சொல்லப்போவதில்லை. ஆனால் கேட்டவருக்கும் தனக்கும் நடுவே இன்னொருவன் இருக்கிறானே என்று அவள் நினைத்தாள். அந்த இன்னொருவன், இப்போது திரைக்கு அப்பால் நிற்பவன் இல்லை; எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மேலே இருப்பவன்.

"நேத்து உங்களக் கேட்டாரு தம்பி" என்றாள். "வரச் சொல்லுன்னாரு. நான்தான் சொல்லி அனுப்பல."

மெஹ்னாஸ் திரும்பித் தாயைப் பார்த்தாள். திரைக்குக் கீழே அந்தக் கால்கள் லேசாக நகர்ந்து, திரும்பவும் சேர்ந்துகொண்டன.

"வந்திருந்தாலும் நான் இன்னாக்கா பண்ணியிருப்பேன்?" என்றான் சாலமோன். "எதிர்ல ஒக்காந்து முழிச்சிருப்பேன். எனக்குப் பேச வராது. பேட்டு இல்லாம நான் ஒண்ணியும் இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாய் என் மேட்ச் ஒண்ணக்கூட முழுசாப் பாத்ததில்ல. பத்துக்குப் பத்துன்னு நிக்கும். ஷெட்டே மூச்சப் புடிச்சிகினு கீது. இவரு மட்டும் எழுந்து செருப்ப மாட்டுவாரு. மக்ரிப் தொழுதுட்டுப் போவணும், வூட்ல டீ போட்டு வச்சிருப்பா, ஆறிடும்பாரு. பசங்க எல்லாம் ஓட்டுவாங்க. நான் அடிச்சி முடிக்க வேண்டிய பந்தக்கூட அடிக்காம தூக்கித் தூக்கிப் போடுவேன். முடியாம இருந்தா இன்னும் கொஞ்சம் ஒக்காருவாரேன்னு. ஒக்கார மாட்டாரு. தொழுதுட்டு வேகு வேகுன்னு ஓடுவாரு. அவரு போனப்புறம் எவனுக்காக ஆடறது? ஏதோ அடிச்சி முடிச்சிருவேன்."

மறுபடியும் மூக்கை உறிஞ்சினான்.

"உங்க டீ மேல எனக்கு ரொம்ப நாளாக் கோவம்க்கா."

மெஹ்னாஸ் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அழுதாள்.

அவன் சொன்னது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று நஃபீசாவுக்குத் தெரியவில்லை. அவர் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பது கண்முன் வந்தது. டீயை அவர் ஒருநாளும் ஆறவிட்டதில்லை. திரைக்குக் கீழே கால்கள் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போயின.

உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கு வந்தது. ஜமாத்தார் பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். ஆண்கள் வாசலுக்கு விலகிக்கொண்டு, பெண்களைக் கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஃபைஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாலமோன் தம்பிக்கு எடம் குடு. தலமாட்டுல."

"அம்மா, சொந்தக்காரங்க எல்லாம்..."

"அத்தா கேட்ட ஆளு. குடு."

சந்தூக்கோடு அவன் மையவாடி வரைக்கும் போவான். கபர்க் குழிக்குள் இறக்குவதைப் பார்ப்பான். ஒரு பிடி மண்ணும் போடுவான். அவள் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். சொன்ன பிறகும் அது உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கலிமா சொல்லித் தூக்கினார்கள். நஃபீசா ஜன்னலுக்குப் போய்த் திரையை விரல் அகலம் விலக்கினாள். முன்னால் ஒரு பக்கம் ஃபைஸ், மறுபக்கம் சாலமோன். ஃபைஸ் அப்பாவைப் போலவே குள்ளம். தூக்கிய வேகத்தில் சந்தூக்கு அவன் பக்கம் சரிந்தது. உடனே சாலமோன் முழங்காலை மடக்கினான். தோள் இறங்கியது. இரண்டு பக்கமும் சமமானது. அப்படியே, மடக்கிய காலோடு, நடக்க ஆரம்பித்தான்.

தெருவில் ஆள் மாற்றி ஆள் வந்து தோள் கொடுத்தார்கள். அவனிடமும் ஒருவர் வந்து கை நீட்டினார். அவன் தலையை ஆட்டிவிட்டு, நிமிராமலே போய்க்கொண்டிருந்தான். முதுகுச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"உள்ள வந்து ஒக்காரும்மா" என்று மெஹ்னாஸ் தோளைத் தொட்டாள்.

"இரு" என்றாள் நஃபீசா, கண்ணை எடுக்காமல். "தெரு திரும்பட்டும்."