அலாரம் அடித்தால் யார் வருவார்?

அம்மா இனி தனியாக இருக்கக் கூடாது என்பது அக்காவின் தீர்ப்பு. அப்பா போய் ஒரு வருடமாகிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும். அம்மா அசைந்து கொடுக்கவில்லை. "அதான் அப்பா மாட்டின திருட்டு அலாரம் இருக்கே, அதைச் சரி பண்ணிக் குடுங்க" என்று ஒரே பிடி. சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள். உருப்படாத வேலைகளை என் தலையில் கட்டுவது எங்கள் வீட்டின் பழைய பழக்கம்.

வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியை எலக்ட்ரீஷியன் திறந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த மாமனாரைப் போல பேட்டரி உப்பிக் கிடந்தது. வெளிச்சுவர் சைரனுக்குள் ஒரு குளவி மண்கூடு கட்டி, குடித்தனம் நடத்தி, காலி செய்துவிட்டும் போயிருந்தது.

"எப்போலேர்ந்து ஓடலை சார்?"

"அக்கா கல்யாணமாகிப் போனதிலேர்ந்து. அதுக்கப்புறம் திருடன் எடுத்துட்டுப் போக இங்கே எதுவும் மிச்சமில்லை."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இது பழகிப்போன விஷயம்.

அந்த அலாரம் தன் ஆயுளில் ஒரு திருடனையும் பிடித்ததில்லை. பல்லி ஓடினால் அடிக்கும். திரைச்சீலை ஆடினால் அடிக்கும். அப்பா ரகசிய எண்ணை மறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தெருவே திரண்டு வந்துவிடும். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து, "திருடன்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டான் சார்!" என்பார். அப்பா பனியனோடு நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார். திட்டு முடிந்தால் பேச்சு தொடங்கும்: ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவர் மகனுக்கு வேலை கிடைத்த செய்தி. அம்மா தேநீர் போடுவாள். அவமானம் தாங்காமல் நான் கட்டிலுக்கடியில் படுத்திருப்பேன். பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் மானத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வருவேன்.

இப்போது தையல்காரர் இல்லை. அந்த மூட்டுவலிக்காரரும் இல்லை.

புது பேட்டரி போட்டாயிற்று. மண்ணைச் சுரண்டியாயிற்று. போன் ஸ்பீக்கரில் அக்கா காத்திருந்தாள்.

"அடிக்கட்டும்டா. அடிச்சா யார் வருவா? அந்தத் தெருவுல அம்மாவைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? ஒரே ஒரு ஆள் வந்து என்னன்னு கேக்கட்டும், நான் வாயையே திறக்கலை. யாரும் வரலைன்னா அம்மா கிளம்பியாகணும்."

"சரி" என்றாள் அம்மா. குரலில் பழைய பிடிவாதம் இல்லை.

சைரன் முதலில் இருமியது. மிச்சமிருந்த மண்ணைத் துப்பியது. பிறகு அலறியது பாருங்கள், பக்கத்து மரத்துக் காக்கைகள் மொத்தமாக இடம் மாறின. மனிதர்களைத்தான் காணோம். கதவுகள் மூடியே கிடந்தன. காதில் எதையோ செருகிக்கொண்டு ஒருவர் எங்களைக் கடந்துபோனார்.

"நிறுத்திடவா அம்மா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்ப்பா."

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். யாராவது வந்து எங்களைத் திட்டித் தொலைக்கக் கூடாதா என்று, தலை நரைத்த இந்த வயதில், நான் வேண்டிக்கொண்டேன்.

எதிர்மாடிக் கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்த ஒரு பெண். எலக்ட்ரீஷியன் சட்டென்று சைரனை நிறுத்தினார்.

"என்னங்க அநியாயம் இது? ஆஸ்பத்திரில நைட் டியூட்டி முடிச்சு இப்பத்தான் கண்ணை மூடினேன்! மனுஷங்க தூங்க வேணாமா?"

நான் அப்பாவைப் போலவே கையைப் பிசைந்தேன். "மன்னிச்சுக்கங்க, அது வந்து..."

அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, என் பொண்ணு போன்ல இருக்கா!"

அந்தப் பெண் விழித்தாள். ஒற்றைச் செருப்போடு படி இறங்கி ஓடி வந்தாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? வீட்டுக்குள்ள யாராவது வந்துட்டாங்களா?"

போனில் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"யாருடா அது, இந்தக் கிழி கிழிக்கிறா?"

"எதிர்வீட்டு நர்ஸ்."

"ம். அந்தப் பொண்ணு நம்பரை வாங்கி எனக்கு அனுப்பு. அம்மா இருந்துட்டுப் போகட்டும்."

செய்தியைச் சொல்ல அம்மாவைத் தேடினேன். அவள் நடுத்தெருவில் நின்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எந்த வாரம் நைட் டியூட்டின்னு சொல்லிடும்மா. அந்த வாரம் சாயங்காலமா அடிக்க விடறேன்."