குச்சியின் கண்ணில் படாத கிருமி

என் தங்கை ஹெர்மினின் வாழ்க்கையை இரண்டு தடவை கெடுத்தவள் நான். முதல் தடவை அசட்டையாக இருந்து கெடுத்தேன். இரண்டாம் தடவை மேதாவித்தனம் காட்டிக் கெடுத்தேன்.

எங்கள் தலைநகரான யாவுண்டேயில் ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருஷமாக ரத்தம் பார்க்கிறேன். எச்.ஐ.வி. கிருமிக்கு எங்கள் நாட்டில் இருக்கிற அளவு கிளைகளும் கலப்புகளும் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்பார் எங்கள் பேராசிரியர் தாமோ. வெள்ளைக்கார அறிஞர்களுக்கு அதைக் கேட்டாலே வாயில் எச்சில் ஊறும். ரொம்பப் பெருமைதான், போங்கள்! அந்தக் கிளைகளில் ‘ஓ’ பிரிவு என்று ஒன்று. நூறு நோயாளிகளில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். எங்களுக்கு வருகிற சோதனைக் குச்சிகளோ எங்கேயோ, யாருடைய ரத்தத்தையோ பார்த்துச் செய்தவை. சில குச்சிகளின் கண்ணில் ‘ஓ’ சரியாகப் படாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

ரத்தச் சீட்டு இல்லாமல் எங்கள் பங்குச்சாமியார் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார். வீட்டில் ஒருத்தி ஆய்வகத்தில் இருக்கும்போது வரிசையில் போய் எவன் நிற்பான்? ஹெர்மினும் அவளைக் கட்டிக்கொள்ளவிருந்த பர்னபேயும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்தார்கள். பெட்டியில் கிடந்த குச்சியில் ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன். இரண்டிலும் ஒற்றைக் கோடு, அதாவது நோய் இல்லை. வேறு முறையில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். வாழைக்காய் ஆறிப்போகிறதே என்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

“என்ன மதினி, பாஸா?” என்று பல்லைக் காட்டினான் பர்னபே.

“பாஸ்தான் மாப்பிள்ளை. இனிமே தப்பிக்க முடியாது,” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. நினா பிறந்தாள். ஹெர்மின் இரண்டாவது தடவை உண்டானபோது, கர்ப்பிணிகளைப் பார்க்கிற இடத்தில் வேறு வகைக் குச்சி வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு இரண்டு கோடு விழுந்தது. பர்னபே நேரே என்னிடம் வந்தான். அதே வகைப் பெட்டி, அதே ஜன்னல். ஒற்றைக் கோடு.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? யோசித்திருக்க வேண்டும். நான் தங்கையைக் கூப்பிட்டு, “யாருடி அவன்?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

“நீயுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மாமியார் அகாத் அவளை வெளியே தள்ளினாள். வயிற்றுக் கரு தங்கவில்லை. நினாவுக்கு அந்த வேறு வகைக் குச்சியில் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றது ஒன்றே ஆறுதல். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் பெண்ணுக்குப் பரிசம் வாங்கிக் கட்டிக் கொடுத்தாயிற்று, அதனால் பிள்ளை அவர்கள் குலத்துச் சொத்து. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம், ம்பல்மாயோவில் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று விட்டார்கள். நாற்காலி கிடையாது. ஹெர்மின் நின்றுகொண்டே பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவாள்.

கொடுத்த மாத்திரையும் அவளுக்குக் கேட்கவில்லை. “ஒழுங்காப் போடறியா, கொல்லையில வீசறியா?” என்று அதற்கும் திட்டினேன். எட்டு மாதம் கழித்துத்தான் அவள் கிருமியின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். ‘ஓ’ பிரிவு. அந்த மாத்திரைகளில் ஒன்று அதன்மேல் பிறவியிலிருந்தே வேலை செய்யாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் பர்னபேயின் ஒற்றைக் கோடு?

அவன் அதற்குள் பாதியாக இளைத்திருந்தான். இருமிக்கொண்டே முழங்கையை நீட்டினான். “எடுங்க மதினி, பத்து தடவை எடுங்க. உங்க தங்கச்சி மானம்தான் போகும்.” எடுத்தேன். இந்தத் தடவை குச்சியை நம்பவில்லை, மரபணுவையே படித்தோம். பேராசிரியர் எல்லாக் கிருமிகளையும் ஒரு வம்ச மரமாக வரைந்து வைத்திருக்கிறார். அதன் ஓரக்கிளையில் இரண்டு பேருடைய கிருமியும் ஒட்டிப் பிறந்த இரட்டையராக உட்கார்ந்திருந்தன. நான் அழுதேன்.

“அவசரப்படாதேம்மா,” என்றார் பேராசிரியர். “ரெண்டும் சொந்தம்னுதான் மரம் சொல்லும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு சொல்லாது. அதை நான் எழுதித் தரவும் மாட்டேன்.”

“சொந்தம்னு சொன்னா போதும் சார்,” என்றேன். அவனுடைய எதிர்ப்பு அணுக்கள் நாற்பதுக்குக் கீழே போயிருந்தன. ஹெர்மினுக்கு நானூறு. இந்தக் கிருமி வருஷக்கணக்கில் தின்னத் தின்னத்தான் அந்த எண் அவ்வளவு இறங்கும். அவனுடையது எவ்வளவு பழைய சரக்கு என்பதற்கு அது ஒரு தடயம். அந்த எண்கள் எழுதிய தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கத் தேவையிருக்காது என்று நினைத்தேன். படித்த முட்டாள்!

இரு வீட்டாரையும் கூட்டச் சொன்னேன். “எனக்கு வேண்டாம்க்கா,” என்றாள் ஹெர்மின். “சும்மா இரு, பிள்ளையைத் தூக்கிட்டு வரப்போறோம்,” என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவள் நினாவுக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் கவுனையும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக் கூட்டத்தில் ஒரு சட்டம். ஈ ஓட்டுகிற சாமரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஒரு தடவை கைமாற்றிவிட்டால் அந்த விஷயத்தில் மறுபடி வாய் திறக்கக் கூடாது.

சாமரம் முதலில் எனக்கு வந்தது. குச்சி குருடு என்றேன். என் கையெழுத்து தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். பர்னபேக்கும் நோய் இருக்கிறது, இருவருக்கும் ஒரே கிருமி, இவள் எவனிடமும் போகவில்லை என்றேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்ற திமிரில் சாமரத்தை அகாத்திடம் நானே நீட்டினேன்.

அகாத் அவசரப்படவில்லை. சாமரத்தை மடியில் வைத்து நீவினாள்.

“படிச்ச பொண்ணு நல்லாப் பேசிச்சு. குச்சி குருடுன்னிச்சு. சரி. கல்யாணத்தப்போ உன் தங்கச்சியையும் அதே குச்சிதானே பார்த்துச்சு? அவளுக்கு மட்டும் அதுக்குக் கண்ணு தெரிஞ்சுதா?”

நான் வாயைத் திறந்தேன். “சாமரம்!” என்றார் கூட்டத்தை நடத்திய பெரியவர்.

“இத்தனை நாளா இவ தன் உடம்பைத்தான் கெடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். எம் புள்ளை ஏன் இப்படி எலும்பாப் போறான்னு தெரியாம மெழுகுவத்தி கொளுத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்போ அவ அக்காளே ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிட்டா. இவகிட்ட இருந்த அதே விஷம் எம் புள்ளைக்குள்ள இருக்கு. ஒரே கிருமியாம்! கேட்டீங்களா எல்லாரும்?”

கேட்டார்கள். மறுபடியும் தலையாட்டினார்கள். என் பைக்குள் கையை விட்டேன். தாள் விரலில் தட்டுப்பட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சாமரம் பர்னபேயிடம் போனது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் எபோலோவா என்கிற ஊரில் நாலு வருஷம் ஒருத்தியோடு இருந்தான். அவள் உருகி உருகிச் செத்தாள். பெற்றவளுக்குக்கூட அது தெரியாது. ஹெர்மினிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறான், அவளும் எனக்குச் சொன்னது திரும்பி வரும்போதுதான். கூட்டத்தில் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் சாமரத்தைப் பெரியவரிடம் கொடுத்தான்.

அது ஹெர்மினிடம் வரவே இல்லை. தீர்ப்புக்கு உட்பட்டவளுக்கு அந்த வீட்டில் சாமரம் கிடையாது.

“புருஷனுக்கு விஷம் குடுத்தவ கண்ணுல புள்ளையக் காட்ட முடியாது. இனிமே ஞாயித்துக்கிழமையும் வர வேண்டாம்,” என்றார் பெரியவர். உள்ளறையில் நினா “அம்மா” என்று கூப்பிட்டாள். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

எல்லாரும் எழுந்தபோது பர்னபே என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தி, “மதினி, ‘ஓ’வுக்குன்னு வேற மாத்திரை இருக்காமே. எனக்கு எப்போ கிடைக்கும்?” என்று கேட்டான்.

“திங்கட்கிழமை வா,” என்றேன். வேறென்ன சொல்வது? அது என் வேலை.

யாவுண்டேக்குத் திரும்பும் பஸ்ஸில் ஹெர்மின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மஞ்சள் கவுன் மடியில் இருந்தது. அழவில்லை. எபோலோவாக்காரியைப் பற்றி இரண்டே வார்த்தையில் சொன்னாள்.

“இதை ஏண்டி முன்னாடியே சொல்லலை?” என்று கத்தினேன்.

“சொல்லியிருந்தா அவனையும் துரத்துவாங்க, புள்ளைக்கு அப்பனும் இல்லாமப் போயிடும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சுக்கா. நின்னுக்கிட்டேதான், ஆனா இருந்துச்சு. உன்னை யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை.