தேடி வந்த வேலை

என் தொழில் ஆள் பிடிப்பது. கேட்க ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. ஒரு கம்பெனிக்குக் கணக்காளர் வேண்டும் என்றால் கணக்காளரைப் பிடித்துக் கொடுப்பேன், லாரிகளுக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்றால் அவரை. முன்பெல்லாம் என் மேசை நிறைய விண்ணப்பக் காகிதம் குவிந்து கிடக்கும். இப்போது ஒரு திரையும் ஆறிப்போன காபியும்தான். வேலை தேடுகிறவர்களுக்கான ஓர் இணையதளத்தில் மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி, படம் போட்டு, கடை பரப்பி வைத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறுக்கி எடுக்கிறேன்.

அந்தத் தளத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு. வேறு வேலை வேண்டும் என்று ஒருவர் ரகசியமாகத் தட்டி வைத்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் அது எரியும். கூட வேலை செய்கிறவர்களுக்கோ முதலாளிக்கோ தெரியாது. சந்தா கட்டுகிற எங்களைப் போன்ற ஏஜென்சிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். யார் எந்தத் தேதியில் தட்டினார் என்பதுகூடத் தெரியும். காலையில் "என் கம்பெனி என் குடும்பம்" என்று உருகி எழுதிவிட்டு மத்தியானம் விளக்கைப் போட்டவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். யாரோ எவரோ என்கிற வரைக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. பூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, குளிர்பதனக் கிடங்குக்கு ஆள் கேட்டிருந்தது. தேடினேன். முப்பத்தொரு பச்சை விளக்கு வரிசையாக வந்து நின்றது. முப்பத்தொன்றும் ஒரே கம்பெனி. மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் பெரிய கிடங்குக் கம்பெனி அது. கணக்குப் பிரிவு, வண்டிப் பிரிவு, வரவேற்பில் உட்காரும் பெண், தளத்தில் கம்பெனியின் பக்கத்தில் பிறந்தநாள் கேக் படமாகப் போட்டுத் தள்ளும் மனிதவள அம்மா வரைக்கும் ஒருவர் பாக்கியில்லை. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பது போல இருந்தது.

திங்கட்கிழமை என் தம்பி அங்கேதான் சேரப்போகிறான்.

பட்டியலில் இன்னும் கீழே போனேன். அங்கே இருந்தார் நீல டைக்காரர். படத்தில் பளிச்சென்று நீல டை கட்டியிருப்பதால் நானும் தம்பியும் அவருக்கு வைத்த பெயர் அது. தம்பியைத் தானாகத் தேடி வந்து, பேசி, வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டவர். அவர் என் தம்பிக்கு முதல் செய்தி அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. அவருடைய விளக்கு எரிய ஆரம்பித்து ஏழு வாரம்.

அதாவது, தான் ஓடுவதற்குத் தயாராகிவிட்டு என் தம்பியை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்.

பட்டியலில் இருந்த கணக்குப் பிரிவு ஆளுக்குப் போன் போட்டேன். பூக் கம்பெனி வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "ஏன் சார் மாறணும்னு பாக்கறீங்க?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"ரெண்டு கிடங்க மூடியாச்சு மேடம். மூணாவதுக்கு அடுத்த வாரம் பூட்டு."

"புதுசா ஆள் எடுக்கறதா கேள்விப்பட்டேனே?"

"யாரு எடுக்கறா? எடுத்து எங்க உக்கார வைப்பாங்க? உள்ள இருக்கிற நாங்களே எப்படா வெளிய போகலாம்னு இருக்கோம்."

நன்றி சொன்னேனா இல்லையா என்றே ஞாபகம் இல்லை. காரை எடுத்துக்கொண்டு தம்பியின் தொழிற்சாலைக்கு ஓடினேன். அன்றுதான் அவனுக்கு அங்கே கடைசி நாள். நான்கு மணிக்குப் பிரிவு உபசாரம் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான்.

தம்பி ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். பதினொரு வருஷம். கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனை வாரம் ஒரு பதிவு போடச் சொன்னது நான்தான். "இப்படி ஊமையா இருந்தா எவன்டா உன்னைத் தேடி வருவான்? நீ என்ன செய்யறேன்னு எழுது, படம் போடு" என்று ஒரு வருஷமாகக் கரித்துக் கொட்டி, எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்து, அவனைப் பழக்கினேன். அவனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாராவாரம் எழுதினான். சுத்தமான இயந்திர அறை, சரியாக ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் மேனேஜர், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் கேட்காமலே லீவு கொடுக்கும் நல்ல மனசு, எல்லாம் எழுதினான்.

ஒருநாள் நீல டைக்காரரின் செய்தி வந்தது. பெரிய கம்பெனி, பெரிய பதவி. தம்பி குதித்துக்கொண்டு வந்தான். நான் அவனுக்கு மேல் குதித்தேன். ஊரார் பிள்ளைகளுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும்போது கம்பெனியின் ஜாதகத்தையே தோண்டிப் பார்ப்பவள், சொந்தத் தம்பிக்கு அந்தப் பட்டியலை ஒரு தரம் திறந்து பார்க்கவில்லை. பெருமையில் கண் தெரியவில்லை. வேறென்ன சொல்ல.

தொழிற்சாலை வாசலில் தலைக்கு வலைத்தொப்பியும் காலுக்கு உறையும் மாட்டி உள்ளே விட்டார்கள். உணவு அறையில் வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே தம்பி கத்தியோடு நின்றான். கேக்கின் மேல் கிரீமில் ஒரு கம்ப்ரசர் வரைந்திருந்தார்கள். "அக்கா வந்துட்டா" என்று முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். எல்லாரும் எனக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். அவன் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்து வந்தேன்.

"திங்கக்கிழமை அங்க போகாதடா. அந்தக் கம்பெனிய மூடறாங்க."

"சும்மா பயமுறுத்தாத. யாரு சொன்னா?"

"அங்க முப்பத்தொரு பேர் வேற வேலை தேடறாங்க. உன் நீல டையும் அதுல ஒருத்தரு."

அவன் சிரித்தான். போனை எடுத்துக் காட்டினான். தன்னைத் தேடி வந்து மதித்தவருக்கு நன்றி என்று முந்தினநாள் ஒரு பதிவு போட்டிருந்தான். அதன் கீழே நீல டைக்காரர், 'உங்கள் உழைப்புக்குக் கிடைத்த பரிசு தம்பி' என்று எழுதியிருந்தார். "இப்படிப்பட்ட மனுஷன் என்னை ஏமாத்துவாரா?"

நான் பட்டியலைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன். வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஏஜென்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நினைவுக்கே வரவில்லை. தம்பி மேலிருந்து கீழே பார்த்தான், மறுபடி மேலே போனான்.

"இதே வாரத்துலதான வீட்ட மாத்தினோம். பாப்பாவ புது ஸ்கூல்ல சேத்தாச்சு" என்றான். அப்புறம், "மேனேஜர்கிட்ட கேட்டுப் பாக்கலாமா?" என்றான்.

மேனேஜர் அறை அதே நடைபாதையின் கோடியில். தம்பி வாசலிலேயே ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நீ போறியேன்னு மூணு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கல. ஆனா உன் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சே. திங்கக்கிழமை சேர்றாரு."

"அதுக்குள்ளயா? விளம்பரமே குடுக்கலயே சார்?"

"குடுக்கற அளவுக்கு வேலையே வைக்கல. நீ ராஜினாமா குடுத்த மறுநாளே அவரா எழுதினாரு. இந்த ஃபேக்டரியப் பத்தி வாராவாரம் படிக்கறேன், இந்த மாதிரி இடத்துல வேலை செய்யணும்னு ஆசைன்னு."

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நீல டை.

தம்பி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். என்ன ஆச்சு என்று மேனேஜர் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். தம்பியின் போனில் இருந்த வேலை உத்தரவைக் காட்டினேன், அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினேன். தன்னிடம் வந்த விண்ணப்பத்தில் இருந்த அதே கையெழுத்தை அவரும் பார்த்தார். "அடப்பாவி" என்றார்.

நல்ல மனுஷன். உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் பொறுமையாகக் கேட்டது.

"புரியுது சார். ஆனா அவர் நம்மகிட்ட எதுவும் பொய் சொல்லலயே. எங்க வேலை செஞ்சாருன்னு சரியாத்தான் எழுதியிருக்காரு."

"இது அநியாயம் இல்லையாம்மா?"

"அதுவும் இல்லாம, வரவேற்கிறோம்னு அவர் படத்தோட மத்தியானமே நெட்ல நம்ம கம்பெனி பக்கத்துல போட்டாச்சு சார். எண்ணூறு பேர் வாழ்த்திட்டாங்க. இப்ப எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. கம்பெனி பேர் என்ன ஆகறது?"

பதினொரு வருஷம் உழைத்தவனை விட எண்ணூறு வாழ்த்து கனமாகப் போய்விட்டது. நான் அந்தப் போனைப் பிடுங்கி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். தம்பி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. தம்பி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நீல டைக்காரருக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னேன். மனுஷன் பதறவில்லை.

"மேடம், நான் குடுத்த லெட்டர் நெஜமான லெட்டர். கம்பெனி இன்னும் மூடல. திங்கக்கிழமை உங்க தம்பி போனா உள்ள விடுவாங்க."

"நீங்க எதுக்கு சார் வெளிய வர்றீங்க?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

"அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?"

ஏதோ பாராட்டுகிற குரலில் சொன்னார்: "நான் நூறு கம்பெனியப் பாத்தேன் மேடம். எங்கயும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. உங்க தம்பி ஒருத்தர்தான் எழுதினாரு. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகலாம், மேனேஜர் நல்லவர்னு. படிக்கப் படிக்க, இருந்தா அந்த இடத்துல இருக்கணும்னு தோணிச்சு. அந்த இடம் காலியா இருந்தாதானே நான் போக முடியும்?"

வைத்துவிட்டார். அவர் என் தம்பியைப் பார்க்கவே இல்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். வழிகாட்டிப் பலகை எழுதி வாசலில் மாட்டச் சொன்னவள் நான்.

"என்னடா சொல்றது உங்கிட்ட. என் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது. தம்பி என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

எட்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கம்பெனியின் பக்கம். நீல டைக்காரர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே என் தம்பி எழுதியிருந்தான்: 'மனமார்ந்த வாழ்த்துகள் சார். மிக நல்ல இடம். நீங்கள் சிறப்பாகச் செய்வீர்கள்.'

"உனக்குப் பைத்தியமாடா?" என்று கத்தினேன். வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"கத்தாதக்கா. இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாரும் இதைத்தான் பாத்துட்டு இருக்காங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நான் இவங்ககிட்டதான் போய் வேலை கேட்டு நிக்கணும். நான் ஒண்ணும் எழுதலன்னா, பொறாம புடிச்சவன், சண்டைக்காரன்னு பேராயிடும். அப்புறம் எவன் கூப்பிடுவான்?" குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

பிறகு என் கைப்பையைக் காட்டினான்.

"நீயும் ஒண்ணு போட்டுடுக்கா. நீ என் அக்கான்னு எல்லாருக்கும் தெரியும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. போனை எடுத்தேன். 'வாழ்த்துகள்' என்று எழுதி அனுப்பினேன். தன் திரையில் அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவன் காரில் ஏறினான்.