தேரிக்குப் போன ஷிப்ட் வண்டி

ஒரகடத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கலெக்டருக்கும் இல்லாத ஓர் அதிகாரம் உண்டு. ஸ்டாப்பில் நிறுத்தி இரண்டு ஹாரன் அடிப்பான். வந்தவர்கள் ஏறலாம். தலை வாரிக்கொண்டிருந்தேன், டிபன் கட்டிக்கொண்டிருந்தேன் என்ற கதையெல்லாம் எடுபடாது, வண்டி போய்க்கொண்டே இருக்கும். இறங்குகிறவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் கதவைச் சாத்திவிட்டு வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால்தான் டிரைவர் கிளட்சை விடுவான். இசக்கிபாண்டி இந்த இரண்டு ஹாரனிலும் இரண்டு தட்டிலும்தான் பிழைத்து வந்தான்.

சந்தனமாரியைப் பார்த்துப் பிடித்ததும் இதே வேலையில்தான். படப்பை ஸ்டாப்பில் ஏறுகிறவள். என்றைக்கும் தாமதம். அவளுக்கு மட்டும் ஒருநாள் மூன்றாவது ஹாரன் அடித்தான். வண்டியிலிருந்த பெண்களுக்கெல்லாம் அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது. அந்த மகராசிக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. விசாரித்தால் அவளும் தெற்கத்திக்காரி, சாத்தான்குளம் பக்கம். கல்யாணம் முடிந்தது, கனிஷ்கா பிறந்தாள், அன்பு பிறந்தான். அப்புறம் போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்தது. வெறும் சோர்வுதானே என்று மாத்திரையை விழுங்கிவிட்டுக் கம்பெனி லைனில் வேலைக்கு நின்றாள். நின்ற காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா கிளியம்மாள். சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு ஹாரன் அடித்தால் போதும், கனிஷ்கா ஸ்கூல் பையும் தம்பியுமாக ஓடி வந்துவிடுவாள். அப்பா டிரைவர், இவள் பாசஞ்சர். வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து இறக்கிவிட வேண்டும். இறங்கியதும் முறைப்படி இரண்டு தட்டு தட்டுவாள். தட்டிய பிறகும் நின்றால் அவளுக்குக் கோபம் வரும். அவனேதான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது.

சித்திரையில் கிளியம்மாளின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போனால் கிளியம்மாள் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். ஒத்திகை பார்ப்பதுபோல ஒருநாள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு விடிகாலை ஷிப்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது தம்பிக்குப் பால் காய்ச்சுகிறேன் என்று ஸ்டவ்வைப் பற்றவைத்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள் கனிஷ்கா. ஆறு வயசுப் பிள்ளை. அன்றைக்கே திசையன்விளையில் இருக்கும் அக்கா அன்னக்கிளிக்குப் போன் போட்டான். "கொண்டாந்து எங்கிட்ட விடுல," என்றாள் அவள். பிள்ளைகளிடம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னான்: அம்மா சொல்வாளே சிவப்பு மணல் பாலைவனம், அதைப் பார்க்கப் போகிறோம்.

கம்பெனி மராமத்துக்காக மூடியிருந்த வாரத்தில் முதலாளி வண்டியைக் கொடுத்தார். பின்சீட்டுகளைக் கழற்றிப் பாய் விரித்தான், ஸ்டவ், தண்ணீர்க் குடம், தலையணை எல்லாம் ஏற்றினான். வழியனுப்ப வந்த கிளியம்மாள் அவனைத் தனியே இழுத்தாள்.

"புள்ளைங்ககிட்ட சொல்ட்டியா?"

"அங்க போயி சொல்லிக்கிடலாம்மா."

"சொல்லாம கொள்ளாம வுட்டுட்டு வந்துடாதப்பா. அது பாவம்."

அவன் தலையாட்டினான். தலையாட்ட என்ன, யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

போகிற வழியெல்லாம் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி உப்புமா கிண்டினார்கள். அடிப்பிடித்த உப்புமாவை அன்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். வண்டிக்குள்ளேயே படுத்தார்கள், எழுந்தார்கள், கம்பியில் துணி காயப்போட்டார்கள். ஒவ்வொரு ஊர் வந்தபோதும் "ப்பா, இது இன்னா ஸ்டாப்பு?" என்று கேட்டாள் கனிஷ்கா. அப்பனும் அம்மாவும் தெற்கத்தி, பிள்ளை மட்டும் அசல் ஒரகடம். விழுப்புரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், திருச்சியில் நினைத்தான், மதுரை தாண்டியும் நினைத்தான். வாய் வரவில்லை. லாரிக்காரனோடு ரோட்டில் மல்லுக்கு நிற்கிறவனுக்கு ஆறு வயசுப் பிள்ளையிடம் பேசத் தைரியம் இல்லாமல் போயிற்று.

தேரி ஒரு வளைவு திரும்பியதும் வந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய மட்டும் செக்கச் சிவந்த மணல்மேடு, இடையிடையே பனை, ஓரத்தில் முந்திரி காய்த்த கொல்லாமரங்கள். காற்று அடிக்க அடிக்க மணல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அன்பு மேட்டில் ஏறி உருண்டான், மறுபடி ஏறி உருண்டான். தலை முதல் கால் வரை மிளகாய்த்தூளில் புரட்டிய மீன் மாதிரி நின்றான்.

"அம்மா சொன்ன மணல் இதானா?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"இதாம்மா."

"அம்மா சொன்னத்தவிட பெருசாகீது."

அவள் காலித் தண்ணீர் பாட்டிலில் மணலை அள்ளி அள்ளி நிரப்பினாள். "கிளிம்மாவுக்கு எடுத்துனு போலாம். அது பார்த்ததே இல்லல்ல," என்றாள். பாட்டிலை வாங்கி மூடியை அவன்தான் இறுக்கினான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு காற்று மணலை வாரியடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சந்தனமாரி இருந்திருந்தால் என்று தொடங்கிய நினைப்பை மேலே ஓட்ட அவனுக்கு மனசில்லை.

அன்னக்கிளி நல்லவள். திசையன்விளை வீட்டில் அவர்கள் இறங்கும்போதே கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். "எய்யா, ஏ தாயி," என்று இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டாள். கனிஷ்கா "இன்னா அத்த" என்று பேசுவதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் விடிகிற நேரத்தில் தம்பி இசக்கிபாண்டியை எழுப்பினாள்.

"பிள்ளேள் எந்திரிக்கதுக்கு முன்னால போயிருல. அழுதுச்சின்னா நீ போவ மாட்ட."

"நான் இன்னும் சொல்லலக்கா."

"நான் சொல்லிக்கிடுதேன். நீ போ."

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் விழித்துவிடுவார்கள் என்று தொடாமலே வந்தான். வண்டியில் ஏறினான், சாவியைத் திருகினான். வீட்டு வாசல், விடிகாலை, ஓடுகிற என்ஜின். எட்டு வருஷத்துப் பழக்கம் அவனைக் கேட்காமலே வேலை செய்தது. கை தானாகப் போய் இரண்டு ஹாரன் அடித்துவிட்டது.

அடித்த பிறகுதான் அடித்தது தெரிந்தது. ஓட்டிவிடலாம் என்று கியரைத் தேடுவதற்குள் கதவு திறந்தது. கனிஷ்கா ஓடி வந்தாள், முதுகில் ஸ்கூல் பை, ஒரு கையில் மணல் பாட்டில், இன்னொரு கையில் பாதித் தூக்கத்தில் அன்பு. தம்பியை ஏற்றினாள், தானும் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"எல்லாம் ஏறியாச்சுப்பா. போலாம்."

வாசலில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் வண்டியை எடுத்தான். இப்படியே ஒரகடத்துக்குப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. தேரியை ஒட்டிய ரோட்டில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த கையில், மணிக்கட்டில், அந்தத் தீத்தழும்பு தெரிந்தது. பூட்டிய அறையும் ஸ்டவ்வும் கண்முன் வந்தன. ஊர் எல்லையில் வண்டியைத் திருப்பினான். அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

யாரும் இறங்கவில்லை.

"ப்பா, இது யாரு ஸ்டாப்பு?"

"ஒங்க ரெண்டு பேருக்கும் இதாம்மா ஸ்டாப்பு."

"ஒனக்கு?"

"எனக்கு ஒரகடம்."

அவள் கொஞ்ச நேரம் அக்கா வீட்டையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழுதிருந்தால் தேவலை.

"அங்க யாரு நமக்கு சோறு ஆக்கறது, அதானே?"

"ஆமாம்மா."

"ஷிப்ட் முடிஞ்சதும் வருவியா?"

"லீவு கிடைக்கும்போதெல்லாம் வாரேன்."

"வந்து ரெண்டு ஹாரன் அடி. நான் வந்துடுவேன்."

தம்பியை இறக்கினாள், தானும் இறங்கினாள். மறந்துவிட்டது போலத் திரும்பி ஏறி, பாட்டிலை அவன் பக்கத்து சீட்டில் வைத்தாள். "இத்த கிளிம்மாகிட்ட குடுத்துடு," என்றாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

அவன் கிளட்சை மிதித்தபடியே இருந்தான். கால் எடுக்க வரவில்லை, கண் மறைத்தது. தட்டாதே அம்மா, தட்டாதே என்று மனசுக்குள் கெஞ்சினான். பெரியவர்கள் தட்டும் இடத்துக்கு வெகு கீழே, சக்கரத்துக்குச் சற்று மேலே, சின்ன உள்ளங்கை இரண்டு தட்டு தட்டியது.

தட்டிய பிறகு வண்டி நிற்கக் கூடாது. இசக்கிபாண்டி கிளட்சை விட்டான்.