ஒட்டுறவு

என் மகளும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். இருபது வருடம் சலவைக் கடை கவுண்டரில் நின்றவளுக்கு மேலும் கீழும் பார்க்கிற ஆட்கள் புதிதில்லை. பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்குப் பட்டப்படிப்பின் கடைசி வருடம். நான், வயது கடந்தவர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒதுக்கியிருக்கும் இடத்தில் சேர்ந்து, பாதி நாள் கடை, பாதி நாள் படிப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பாடம் மட்டும் இருவருக்கும் பொதுவாக வந்து மாட்டியது. வணிக முதலீட்டு முடிவுகள் என்று பெயர். எந்த மெஷினை வாங்கலாம், எந்தத் தொழிலில் பணம் போடலாம், எந்தெந்தப் பங்குகளைச் சேர்த்து வைத்தால் எல்லாம் ஒரேயடியாகக் கவிழாது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பாடம்.

முதல் வகுப்பு அன்று காலையில், செருப்பு மாட்டும்போதே நிபந்தனை போட்டாள்.

"இங்க பாரு. கிளாஸ்ல என் பக்கத்துல வந்து உட்காரக் கூடாது. சாப்டியான்னு கேக்கக் கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி குட்டின்னு கூப்பிடவே கூடாது. கேட்டுக்குள்ள போயிட்டா நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"சரிங்க மேடம்," என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு அம்மா பின்னால் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் புரியாமல் இல்லை.

பாடம் எடுத்தவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பூஜ்யம் சார். வந்ததும் பலகையில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோட்டின் இடது முனையில் ஒரு சுழி போடுவார். "இன்னைக்குங்கறது பூஜ்யம். இன்னைக்குப் போடுற பணம் முழுசா அப்படியே நிக்கும். ஒரு வருஷம் கழிச்சு வர்றதுதான் ஒண்ணு. அங்க இருந்துதான் குறைக்கணும்." நாளைக்கு வரும் பணத்துக்கு இன்று அவ்வளவு மதிப்பு கிடையாது. எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு குறைத்து, எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சுவது லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். பாடத்தில் பாதி இதுதான். எங்களுக்குக் காது புளித்துப் போகும்வரை சொன்னார்.

மீதிப் பாதி, பங்குகளைச் சேர்த்து வைக்கும் கலை. ஒரு நாள் பலகையில் பெரிதாக ஒட்டுறவு என்று எழுதினார். "ஒரு பங்கு ஏறும்போது இன்னொண்ணும் ஏறுது, விழும்போது அதுவும் கூடவே விழுதுன்னா, ரெண்டுக்கும் ஒட்டுறவு ஒண்ணு. அப்படி ரெண்டு வாங்கி வச்சா உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. ஒண்ணு வச்சிருக்கற மாதிரிதான். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கணும். அப்பதான் வீடு நிக்கும்."

மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த என் மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றவளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேர்வில் பதிவு எண்படி இடம் போட்டார்கள். என் கெட்ட நேரம், அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் எனக்கு இடம். அவள் தோளில் தொங்கிய பின்னலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கடைசிக் கேள்வி பெரியது. ஒரு கம்பெனி இன்று ஒரு மெஷின் வாங்குகிறது, அடுத்த நான்கு வருடம் அதிலிருந்து வருமானம், வாங்கலாமா கூடாதா. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விரலை மடக்கி எண்ணி, மளமளவென்று போட்டு, வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நன்றாக எழுதியதாகத்தான் நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து, காலைச் சாப்பாட்டு மேசையில் இருவரின் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. துறை அலுவலகத்திலிருந்து செய்தி. கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவரின் விடையும் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் வரை ஒன்றாக இருக்கிறது, இரண்டும் தப்பு, அந்தத் தப்பை வகுப்பில் வேறு யாரும் செய்யவில்லை. வியாழக்கிழமை விசாரணை, தனித்தனியாக வரவும்.

விதிமுறையையும் கீழே ஒட்டியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து செய்திருந்தால் இருவருக்கும் அந்த வருடம் ரத்து. ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பார்த்து எழுதியிருந்தால், பார்த்தவருக்கு மட்டும் ரத்து.

அவளுக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. தேர்வு முடிவைக் காட்டிவிட்டுச் சேர வேண்டியதுதான் பாக்கி. எனக்கோ அந்த ஒதுக்கீட்டு இடம் ஒரு முறைதான் தருவார்கள். ரத்தானால் அதோடு போயிற்று.

"நாம யாரையும் பார்த்து எழுதல. உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வந்துடலாம்," என்றாள்.

"ஆமா. வேற என்ன," என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும், நான் அப்படிச் செய்யப் போவதில்லை என்று.

அன்று கடையில், சலவைக்கு வந்த யாரோ ஒருவரின் கோட்டில் அடையாளச் சீட்டுக் குத்திக்கொண்டே கணக்குப் போட்டேன். பார்த்து எழுதவில்லை என்று இருவரும் சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மாவும் பெண்ணும், முன்னால் பின்னால் இடம், ஒரே தப்பு. இருவரும் சேர்ந்து செய்தோம் என்றுதான் முடிவு கட்டுவார்கள். இரண்டு பேரும் ஒன்றாக விழுவோம். பூஜ்யம் சார் சொன்ன பாதுகாப்பில்லாத தொகுப்பு நாங்கள்தான். ஒருத்தி விழுந்து ஒருத்தி நிற்க வேண்டும் என்றால் யார் விழுவது? பட்டம் வாங்கி எனக்கு இன்னும் பதினைந்து வருடம் உழைப்பு இருக்கும். அவளுக்கு நாற்பது. எப்படிக் குறைத்து எப்படிக் கூட்டினாலும் அவள் பக்கம்தான் கனமாக இருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டதில் மனம் லேசானது. பிறகு அழுகை வந்தது. அந்தக் கோட்டின் சொந்தக்காரருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அவளை முதலில் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன்.

பூஜ்யம் சாரும் துறைத் தலைவி அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் எங்கள் இருவரின் விடைத்தாள்கள்.

"நான்தான் பார்த்து எழுதினேன்," என்றேன், உட்காரும் முன்பே. "எம் பொண்ணுக்கு எதுவும் தெரியாது. பின்னாடி இருந்து எட்டிப் பார்த்துட்டேன். என்னை என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க. அவளை விட்டுடுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொண்ணைக் கூப்பிடுங்க," என்றார்.

அவள் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். எனக்குத்தான் புரியவில்லை.

"உங்க பொண்ணும் இதையேதான் சொல்லிட்டுப் போனா," என்றார் தலைவி அம்மா. "அவதான் உங்களைப் பார்த்து எழுதினாளாம். உங்களுக்கு எதுவும் தெரியாதாம். முன்னாடி உட்கார்ந்தவ பின்னாடி எப்படிம்மா பார்த்தேன்னு கேட்டதுக்கு, கூடுதல் பேப்பர் வாங்க எழுந்து போனப்ப பார்த்தேன்னு சொன்னா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"உனக்குப் புத்தி இருக்கா? கையில வந்த வேலையை எட்டி உதைக்கறியா?"

"நீ மட்டும் என்ன செஞ்சே? உள்ளதைச் சொல்லலாம்னு அன்னைக்குத் தலையை ஆட்டினே இல்ல?"

"நீதான் முதல்ல சொன்னே."

"நீ கேப்பேன்னு நம்பி சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

"இங்கயே பேசு. இன்னும் என்ன மானம் மிச்சம் இருக்கு?"

துறைத் தலைவி அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூஜ்யம் சார் சிரிக்கவில்லை. விடைத்தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"ரெண்டு பேரும் அந்தச் சுவரு பக்கம் ஒருத்தர், இந்தச் சுவரு பக்கம் ஒருத்தர் திரும்பி நில்லுங்க."

பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி நின்றதில்லை. நின்றேன். எனக்கு முன்னால் சுண்ணாம்புச் சுவர், அதில் ஓர் ஆணி.

"இன்னைக்கு ஒரு மெஷின் வாங்குறோம். அடுத்த நாலு வருஷம் வருமானம் வருது. யோசிக்காம விரல்ல எண்ணிச் சொல்லுங்க. கடைசி வருமானம் கோட்டுல எத்தனாவது எண்ணுல விழுது?"

கட்டை விரலை மடக்கினேன். இன்றைக்கு. பிறகு ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல்.

"அஞ்சு," என்றேன். அதே நொடியில் எதிர்ச் சுவரிலிருந்தும் "அஞ்சு" என்று குரல் வந்தது.

பூஜ்யம் சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நாலு," என்றார். "நாலு! நான் வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்தினேன். இன்னைக்குங்கறது பூஜ்யம்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவுண்டரில் துணி எப்போது கிடைக்கும் என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது எப்போதும் 'இன்னையோட சேர்த்து' நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்றுதான். இன்றைக்கு முதல் விரல் மடங்காவிட்டால் எனக்கு எண்ணவே வராது. இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து, என் குரலைக் கேட்டுக்கொண்டே எண்ணக் கற்றவள். ஆகவே இருவரும் இன்றைக்குப் போட்ட முதலை ஒன்றாம் வருடத்தில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் ஒரு வருடம் தள்ளிவிட்டோம். முழு வரிசையும் ஒன்றாக நகர்ந்ததால் லாபம் லாபமாகவே நின்றது. வாங்கலாம் என்ற முடிவு சரி. தொகைதான் கொஞ்சம் இளைத்துப் போயிருந்தது.

கடையைப் பற்றிச் சொன்னேன். சார் கேட்டுக்கொண்டார்.

"காப்பி அடிச்சவங்களுக்கு அந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னே தெரியாது," என்றார் தலைவி அம்மாவிடம். "இவங்க ரெண்டு பேருக்கும் அது சொந்தத் தப்பு மேடம்."

தலைவி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். பார்த்து எழுதிய விஷயம் முடிந்தது, யாருக்கும் ரத்து இல்லை, அந்தக் கேள்விக்கு முடிவு சரியென்பதால் பாதி மதிப்பெண் என்றார். "ஆனா விசாரணையில வந்து ரெண்டு பேரும் பொய் சொன்னீங்க. இனி ஒரு தடவை இந்த மாதிரி வந்து நின்னீங்க, நானே ரத்து பண்ணிடுவேன்," என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது. கதவு வரை கூடவே வந்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்தோம். எதிரே மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றோம்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?" என்றேன்.

"எனக்கு வயசு இருக்கு. இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் எழுதுவேன். இந்த வேலை போனா வேற வேலை. விழுந்தாலும் எழுந்திருக்க எனக்கு நேரம் இருக்கு. சார் சொல்லலையா, நாள் அதிகம் இருக்கறவங்கதான் ஆபத்தைத் தாங்கணும்னு. உனக்கு இது ஒரே தடவைதான்." நிறுத்திவிட்டு, "நீ எதுக்குச் சொன்னே?" என்றாள்.

"உனக்கு நாப்பது வருஷ உழைப்பு இருக்கு. எனக்குப் பதினஞ்சு. எதை வச்சுப் பார்த்தாலும் என்னுது குறைச்சல்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"பதினஞ்சுதான் இருக்குன்னா அதை எப்படி நீ குறைச்சல்னு போடுவே? மிச்சம் இருக்கறதே அவ்வளவுதானே. அதைப் போய் யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?"

பாடத்தில் அப்படிப் போட மாட்டார்கள். தேர்வில் அப்படி எழுதினால் சுழிதான் கிடைக்கும். ஆனால் என் வருடங்களை யாரும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. அந்த வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், பெற்ற பெண்ணின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவளுடைய சிநேகிதிகள் கடந்து போனார்கள். அவள் நகரவில்லை.

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாதே," என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீ சொல்லாம இரு. நானும் சொல்லல."

சரி என்றேன். அவளும் சரி என்றாள். இரண்டு சரியையும் நாங்கள் இருவருமே நம்பவில்லை.